ஆவுடை டீச்சரின் களைப்பு

அரியநல்லூரில் ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பது ஊரின் நம்பிக்கை. சந்தைக்குப் போகிறவரானாலும் சரி, சம்பந்தம் பேசப் போகிறவரானாலும் சரி, "தூரமா?" என்றுதான் கேட்பார்கள், அவரும் "ஆமா, இந்தா வந்துருதேன்" என்று பொதுவாக ஒரு பதிலைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார், கேட்டவருக்கு ஒரு விவரமும் கிடைத்திருக்காது, ஆனாலும் கேட்ட திருப்தி இருக்கும். இப்படி வாயைக் கட்டி வளர்ந்த ஊர், ஒரு பெண்பிள்ளை ஓடத் தொடங்கியதும் வாயை விட்டுவிட்டது. அதற்கு அவர்கள் சொன்ன நியாயத்தையும் தள்ளிவிட முடியாது. கிளம்பின வீட்டுக்கே திரும்பி வருகிறவள், எங்கேயுமே போகாதவள். அவளை எங்கே என்று கேட்டால் எந்தக் காரியம் கெட்டுவிடப் போகிறது?

ஓடியவள் ஆவுடையம்மாள், பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர், வயது நாற்பத்தேழு. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள். போனால் போகட்டும், அடுத்த பஸ் வரும் என்று நிற்கிறவள். அவளுக்கு இரண்டு வருஷமாகத் தூக்கம் இல்லை. கசகசாப் பால் குடித்துப் பார்த்தாள், உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துப் பார்த்தாள், கட்டிலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள், கட்டிலே வேண்டாம் என்று பாயிலும் படுத்துப் பார்த்தாள். கடைசியில் டாக்டர் ஜெபராணி எல்லா ரிப்போர்ட்டையும் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "ஒங்க ஒடம்பு களைக்கல டீச்சர், அதான் வெவகாரம்" என்றாள்.

ஆவுடைக்குக் கோபம் வந்துவிட்டது. "காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, ரெண்டு வேளைக்கு ஆக்கி வச்சு, அம்பது பிள்ளைகளோட மல்லுக்கட்டி, திருத்த வேண்டிய நோட்டையும் வீட்டுக்குச் சொமந்துட்டு வாரேன். நா களைக்கலையா?"

"அது சலிப்பு. நா சொல்லுதது களைப்பு. நல்லா மூச்சு வாங்க ஓடிப் பாருங்க, தூக்கம் தானா பின்னால வரும்."

பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் அருள்தாஸ் இதைக் கேட்டதும் துள்ளிக் குதித்தார். இருபது வருஷமாக அவருக்குக் கிடைத்ததெல்லாம் மாதவிலக்கு, தலைவலி என்று சொல்லி மரத்தடியில் உட்காரும் பிள்ளைகள்தான். தானாக வந்து ஓடுகிறேன் என்று சொன்ன முதல் ஆள் இவள். "தை மாசம் தூத்துக்குடியில ஒரு ஓட்டம் வச்சிருக்காங்க டீச்சர், அரை மாரத்தான், இருபத்தோரு கிலோமீட்டர். பேரக் குடுத்துருவோம். முன்னால ஒரு தேதி நின்னாத்தான் கால் எந்திரிக்கும்" என்றார். இருபத்தோரு கிலோமீட்டர் ஓடிய ஒருத்தி அன்றைக்காவது தூங்காமலா இருப்பாள் என்று நினைத்து ஆவுடை பெயரைக் கொடுத்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது தூக்கம் மட்டும்தான், மெடலுக்கு அவள் வீட்டில் ஆணிகூடக் கிடையாது.

முதல் நாள் விடிகாலையில் அவள் புது ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது, பெயின்ட் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் நம்பிராஜன் போர்வைக்குள்ளிருந்து "இந்நேரத்துல எங்க போற?" என்று கேட்டார். தூக்கக் கலக்கத்தில் கேட்டதுதான், வேறு ஒன்றும் இல்லை. அவள் அருள்தாஸ் சொல்லிக்கொடுத்தபடி கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்து, மறுபடி கொஞ்சம் ஓடி, வாய்க்கால் பாலம் வரை போய்த் திரும்பினாள். ஒரு மூச்சு கூட வாங்கவில்லை, ஒரு சொட்டு வியர்க்கவில்லை, பால் பாக்கெட்டை எடுக்க வாசலுக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். உள்ளே போனால் நம்பிராஜன் கட்டில் விளிம்பில் பனியன் தொப்பலாக நனைந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"என்னன்னே தெரியல ஆவுடை, யாரோ தொரத்தித் தொரத்தி அடிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

இ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சு பழுதில்லை என்று வந்தது. மறுநாள் பால்காரர் எதிரே வந்து "எங்க டீச்சர் போறிய?" என்று கேட்டுவிட்டு, அவள் கடந்து போன கொஞ்ச நேரத்தில் கரண்டு கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். அதற்கு மறுநாள் கோடிவீட்டுச் சொர்ணம் கேட்டாள். கோலப்பொடியைக் கையில் வைத்துக்கொண்டே கோலத்தின்மேல் படுத்துவிட்டாள். யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு டீச்சரின் களைப்பு போகிறது என்பதை ஊர் டீக்கடையிலேயே கண்டுபிடித்துவிட்டது. ஆராய்ச்சிக்கு அதற்கு மேல் நேரம் செலவிடவில்லை. இது எப்படி நடக்கும் என்று கேட்டவர்கள் குறைவு. போறவங்கள எங்கன்னு கேக்காதிங்கன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க, இப்பத் தெரியுதா என்றவர்கள்தான் அதிகம். இனி டீச்சரையும் ஊர் வழக்கப்படி தூரமா என்றுதான் கேட்பது என்று முடிவானது.

முடிவான அன்றைக்கே அது கெட்டது. ரயில்வே கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற ஆறுமுகநயினார், மகள் வீட்டிலிருந்து அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். சேதி தெரியாது. முப்பது வருஷம் ரயிலுக்குக் காது கொடுத்துக் கொடுத்து அந்தக் காது மூடவே மறந்துபோய், ஓய்வுக்குப் பிறகும் கண்ணைச் சிமிட்டியபடி விடிய விடிய உட்கார்ந்திருக்கிற மனுஷன். வழியில் ஆவுடையைப் பார்த்ததும் "எங்க தாயி இந்த ஓட்டம்?" என்று கேட்டார். வீட்டுக்குப் போய்ப் படுத்தவர், அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. மருமகள் உலுக்கிப் பார்த்தாள், தண்ணீர் தெளித்துப் பார்த்தாள், பிறகு சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டாள். கடையநல்லூரிலிருந்து மாலையோடு ஆட்டோ வந்து நின்ற சத்தத்தில் அவர் விழித்து, நன்றாகச் சோம்பல் முறித்து, "யாருக்கு மாலை?" என்று கேட்டார்.

அதன் பிறகு அரியநல்லூரில் டீச்சரைக் கேட்காதவர்கள் யார்? தூக்கம் வராதவர்கள் கேட்டார்கள். சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியும் நடக்க மனமில்லாதவர்கள், வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபடி கேட்டார்கள். அவர்களுக்குச் சர்க்கரை இறங்கிக்கொண்டே வர, டாக்டர் ஜெபராணி மிஷினை மாற்றினாள், ஊசியை மாற்றினாள், கடைசியில் மருந்து எழுதுவதை நிறுத்திவிட்டு நல்லது என்று மட்டும் சொன்னாள். புருஷனைப் பறிகொடுத்து அழுது அழுது கண் மூடாதவளைப் பிள்ளைகள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வழியில் நிறுத்திக் கேட்க வைத்தார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்கு என்று அடிதடி வந்து, கோயில் கமிட்டி கூடி, தெருவுக்கு ஒரு நாள் என்று பிரித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையின் நீண்ட ஓட்டம் மட்டும் பெரிய துக்கம் உள்ள வீட்டுக்கு. எல்லாரையும் விட மருமகள்களுக்குத்தான் கொண்டாட்டம். காலையில் டீச்சரைக் கேட்டுவிட்டு வந்த மருமகள் பட்டப்பகலில் காலை நீட்டிப் படுக்கலாம், மாமியார் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், காபிகூடப் போட்டு வந்து தலைமாட்டில் வைப்பாள். வேலை செய்த களைப்புக்கு இல்லாத மரியாதை டீச்சரின் களைப்புக்கு இருந்தது.

ஊரே தூங்கியது. ஆவுடை மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

குழப்பம் அவளுக்குக் கொஞ்ச நஞ்சமல்ல. ஓடுவது யார் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஐந்து கிலோமீட்டர் எட்டாகி, எட்டு பன்னிரண்டாகி, பன்னிரண்டு பதினாறாகி, ஷூ தேய்ந்தது, கால் பெருவிரல் நகம் கறுத்தது, ஜாக்கெட்டை இரண்டு தரம் பிடித்துத் தைத்தாயிற்று, போன் வரைபடத்தில் அவள் போன பாதை நீலக்கோடாக விழுந்திருந்தது. அப்படியானால் ஓடியது அவள்தான். ஆனால் தொடை வலித்தது சொர்ணத்துக்கு, நெஞ்சு அடித்தது பால்காரருக்கு, தாகம் எடுத்தது எதிர்வீட்டு வாத்தியாருக்கு. அப்படியானால் ஓடியது அவர்களா? வலி ஒருத்தருக்கும் நகம் கறுப்பது ஒருத்தருக்குமாக ஒரே ஓட்டத்தைப் பங்கு போட முடியுமா? வகுப்பில் பின்னங்களை நடத்திக்கொண்டிருக்கும்போது இந்த நினைப்பு வந்து, சாக்பீஸோடு கையைத் தூக்கியபடியே நின்றுவிடுவாள். அருள்தாஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்து வாட்ச்சைப் பார்ப்பார், பிறகு வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்ப்பார். "பதினாறு கிலோமீட்டர் ஓடிட்டு வாரிய, நாடி என்னடான்னா பூக்கட்டிட்டு இருக்கவ நாடி மாதிரி இருக்கு. நா என்னத்தச் சொல்லிக் குடுக்கன்னே தெரியல டீச்சர்" என்பார் பரிதாபமாக.

அவள் புருஷனின் குரங்குக் குல்லாயைப் போட்டுக்கொண்டு ஓடிப் பார்த்தாள், "குல்லாயப் போட்டுட்டு எங்க டீச்சர் போறிய?" என்று கேட்டார்கள். வாய்க்கால் கரையோடு ஓடினாள். அங்கே முன்கூட்டியே வந்து டார்ச் லைட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் தெருவில் நின்று, "எனக்குத் தூக்கம் வேணும், அதுக்குத்தான ஓடுதேன், நீங்கல்லாம் தூங்குறதுக்கா ஓடுதேன்?" என்று கத்தியே விட்டாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பாவம், டீச்சருக்குத் தூக்கம் இல்லல்லா, அதான் சிடுசிடுங்காங்க என்று பரிவோடு பேசிக்கொண்டார்கள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடைசியில் கோயில் கமிட்டி முன்னால் போய் நின்று கேட்டாள். "மத்த நாளெல்லாம் ஒங்களுக்கு. தூத்துக்குடியில ஓடுத அந்த ஒரு நாள எனக்கு விட்டுருங்க. ஒருத்தரும் அங்க வரக்கூடாது. இருபத்தோரு கிலோமீட்டர் களைப்பும் எனக்கே வேணும்." ஊர் அதற்கு ஒப்புக்கொண்டது. சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். சிலர் மூக்கை உறிஞ்சினார்கள்.

ஆனால் போட்டிக்கு முன்னால் காலுக்கு ஓய்வு வேண்டும் என்று அருள்தாஸ் ஓட்டத்தைக் குறைத்தார், பிறகு அடியோடு நிறுத்தினார். ஓட்டம் நின்றதும் ஊரின் தூக்கம் நின்றது. கொட்டாவி விட்டுக்கொண்டே எல்லாரும் எல்லாரோடும் சண்டை போட்டார்கள். குக்கர்கள் தீய்ந்தன. கோயில் மணி நேரம் தவறி அடித்தது. மருமகள்கள் பழையபடி பட்டப்பகலில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனாலும் சத்தியத்தை யாரும் மீறவில்லை, ஆவுடை தெருவில் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

தூத்துக்குடிக்கு அவளும் நம்பிராஜனும் அருள்தாஸும் மட்டும் போனார்கள். விடியும் முன்னே கடற்கரைச் சாலையில் ஆயிரம் பேர் கையைக் காலை உதறிக்கொண்டு நிற்க, ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. இத்தனை பேரும் ஒரே இடத்துக்குப் போகிறார்கள், எங்கே என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆவுடைக்கு அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. இன்றைக்குத் தூங்கிவிடுவேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள், சின்னப் பிள்ளை மாதிரி.

விசில் ஊதுவதற்குச் சற்று முன்னால், கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து பழக்கப்பட்ட குரல் மெதுவாகக் கேட்டது.

"எங்க தாயி போற?"

ஆறுமுகநயினார் நின்றுகொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்து, தாடி முளைத்து, வேட்டி கசங்கி, யாருக்கும் தெரியாமல் பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். கேட்டதும் அவரே தலையில் அடித்துக்கொண்டார். "மன்னிச்சிரு தாயி. பத்து நாளாக் கண்ண மூடல. மூடுனா ரயிலு வருது. கேக்கப்பிடாதுன்னுதான் நின்னேன், வாய் கேட்டுட்டு."

நம்பிராஜன் அவர் சட்டையைப் பிடிக்கப் போனார். அதற்குள் விசில் ஊதியாயிற்று, கூட்டம் ஆவுடையைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டது.

அவள் ஓடினாள். வந்த ஆத்திரத்தில் வேகமாக ஓடினாள். சுற்றிலும் ஜனங்கள் மூச்சிரைக்க, அவளுக்கு ஒன்றும் இரைக்கவில்லை. உப்பளத்துப் பக்கம் வெயில் ஏறியது, அவளுக்கு உறைக்கவில்லை. திரும்பிப் போய் அந்தக் கிழவனை நாலு வார்த்தை கேட்டால் என்ன என்று நினைத்தாள். தூக்கம் வராதவனின் கண் எப்படி எரியும் என்று அவளுக்குத் தெரியாதா, அதனால் அந்தக் கோபத்தையும் முழுசாகப் பட முடியவில்லை. அப்படியானால் எதற்காக இன்னும் ஓடுகிறேன் என்று கேட்டுக்கொண்டாள், கால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊரிலாவது யாருக்கோ உபயோகமாக ஓடினாள். இங்கே, இந்த அன்னிய ரோட்டில், இந்நேரம் கயிற்றோரத்தில் ஏதோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும் ஆறுமுகநயினாருக்குப் பதிலாக ஓடுகிறாளா, அல்லது அவர்தான் அவளுக்குப் பதிலாகக் களைத்துக்கொண்டிருக்கிறாரா?

பதினாறாவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்தில், அவளுக்குச் சற்று முன்னால் பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், அவளுக்கும் இதுதான் முதல் தடவை என்று காலை வைக்கிற விதத்திலேயே தெரிந்தது. வலது காலை இழுத்தாள். விலாவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஓட்டம் நடையாகி, நடையும் நின்று, உதட்டைக் கடித்து அழுதுகொண்டே ரோட்டை விட்டு இறங்கி, கருவேலமரத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

ஆவுடை அரியநல்லூரில் பிறந்து அரியநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள். போகிறவர்களை எங்கே என்று கேட்கும் வழக்கம் நாற்பத்தேழு வருஷத்தில் அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் கணக்கு பாதியில் இருக்கும்போது பிள்ளை எழுந்து வெளியே போனால் எந்த டீச்சருக்குத்தான் பொறுக்கும்?

"ஏம்மா, எங்க போற? இன்னும் கொஞ்சந்தான இருக்கு!" என்று கத்திவிட்டாள்.

பச்சைச் சட்டைக்காரி நின்றாள். நிமிர்ந்தாள். விலாவிலிருந்து கையை எடுத்துப் பார்த்தாள், காலை உதறிப் பார்த்தாள். ஒன்றும் புரியாமல் ரோட்டில் ஏறி, குளித்துவிட்டு வந்தவள் மாதிரி ஓடத் தொடங்கினாள்.

ஆவுடைக்குக் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ மூட்டையை ஏற்றி வைத்தாற்போல் இருந்தது. வாய் வறண்டது, விலாவில் குத்தியது, யாரோ ஒருத்தியின் வலது முழங்கால் அவள் முழங்காலுக்குள் வலித்தது. மாரடைப்பு என்றுதான் முதலில் நினைத்தாள், கையைக் காலைத் தடவிப் பார்த்தாள், இடுப்பைப் பிடித்துக் குனிந்து நின்றாள். இதுதானா அது என்று பிறகு மெல்ல விளங்கியது. மாதக்கணக்கில் ஓடி ஓடி ஊருக்கெல்லாம் பந்தி வைத்துவிட்டுத் தான் ருசி பார்க்காத பண்டம். அது அவளுடையதுமில்லை, வேறொருத்தி பதினாறு கிலோமீட்டர் ஓடிச் சேர்த்தது, ஆனாலும் களைப்புதான். ஆவுடை வாய்விட்டுச் சிரித்தாள், சிரிக்க மூச்சில்லாமல் இருமினாள்.

மீதி தூரத்தை அவள் ஓடவில்லை, இழுத்துக்கொண்டு போனாள். கிழவர்கள் தாண்டிப் போனார்கள், வேஷம் கட்டி ஓடியவர்கள் தாண்டிப் போனார்கள், கடைசியாக ஆம்புலன்ஸ் அவள் பக்கத்தில் ஊர்ந்து வந்து ஏறுகிறீர்களா என்று கேட்க, அவள் பையைப் பிடுங்க வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கோட்டைத் தாண்டியபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் யாரோ மெடலைப் போட்டதும் அவளுக்குத் தெரியவில்லை.

அந்தப் பச்சைச் சட்டைக்காரி அவளுக்காகக் காத்திருந்தாள். கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ச் சாலையோரத்துக் கல்லில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்தாள்.

"அக்கா, எனக்கு ஒண்ணுமே புரியல. காலும் வலிக்கல, மூச்சும் வாங்கல. நடுவுல என்ன நடந்துச்சுன்னே தெரியல. நாந்தான் ஓடுனனா?"

இந்தக் கேள்வியை ஆவுடையை விட நன்றாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் யாரும் இருக்க முடியாது. பகலிலும் இரவிலும் அவள் இதையே போட்டுப் பிசைந்திருக்கிறாள். பதிலும், அந்தக் கடைசி ஐந்து கிலோமீட்டரில், எங்கேயோ கிட்டத்தட்ட அகப்பட்டிருந்தது.

"நீதாம்மா ஓடுன," என்று ஆரம்பித்தாள். "நானுந்தான். எப்பிடின்னா..."

அவ்வளவுதான். வாய் பாதி திறந்தபடி, தலை சரிந்து, அந்தப் பெண்ணின் தோளில் விழுந்தது. மெல்லிய குறட்டை கேட்டது.

நம்பிராஜன் அவளைத் தேடிக்கொண்டு ஓடிவந்தார். வாயைத் திறக்கப் போனவரைப் பார்த்து அந்தப் பெண் உதட்டில் விரலை வைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். இரண்டு வருஷமாகத் தான் தூங்கிக்கொண்டிருந்தபோதெல்லாம் பக்கத்தில் விழித்துக் கிடந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் நிழல் அந்த முகத்தின்மேல் விழும்படி தள்ளிப்போய், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றார். வெயில் நகர நகர அவரும் நகர்ந்தார். பந்தல்காரர்கள் கம்புகளைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் பிள்ளைகள் காத்திருந்தார்கள், மத்தியானச் சமையல் கிடந்தது. நேரமாகிறதே என்று நம்பிராஜன் சைகையில் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பேர்கூடத் தெரியாத ஒருத்தியின் எச்சில் ஒழுகி நனைந்துகொண்டிருந்த தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.